சித்திரையில் பொரித்த அபிஸ்டோ மீன் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே ஆண்: வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

கொட்டாங்குச்சி (சென்னை) | 2024 செப்டம்பர் 8

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

சென்ற தை மாதம் ஒரு ஜோடி அபிஸ்டோகிராமா காகடுவாய்டஸ் (தென் அமெரிக்கச் சின்னத் தொட்டி மீன், சுருக்கமாக அபிஸ்டோ) வாங்கினேன். ஆண் மூன்று அங்குலம், பெண் இரண்டு அங்குலம்கூட இல்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. தண்ணீர் 55 லிட்டர் பிடிக்கும். அடியில் மெல்லிய ஆற்று மணல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், நான்கைந்து வாதாம் இலைச் சருகு, கவிழ்த்து வைத்த மூன்று கொட்டாங்குச்சிகள். அவற்றின் கண்ணைப் பெண் மட்டும் நுழையும் அளவுக்குக் கொஞ்சம் அகலமாக்கினேன். ஆண் நுழைய முடியாது. போர் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் கலந்து டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 180க்குக் கொண்டுவந்திருந்தேன்.

சித்திரை பிறந்த வாரம் பெண் மீன் எலுமிச்சை மஞ்சளாக மாறியது. கன்னத்திலும் வயிற்றோரத்திலும் மை தீற்றியதுபோல் கறுப்பு. கொட்டாங்குச்சியை விட்டு நகரவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையில் முட்டைகள், செம்மை கலந்த நிறத்தில், அரிசி நொய்யைவிடச் சின்னதாக. அவள் தலைகீழாக நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பொரித்துவிட்டது. எட்டாம் நாள் காலையில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு போட்டேன்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. 42 மீன் பிழைத்திருக்கின்றன. உட்கார்ந்து எண்ணினால் 38 ஆண், 4 பெண்! ஜோடி வாங்கிய கடையில் கேட்டேன், "ரத்தம் அப்படி, வேறு ஜோடி வாங்கிக்கங்க" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. உண்மையிலேயே ரத்தம்தான் காரணமா?

சிறுவாணிக்கரை (கோவை) | 2024 செப்டம்பர் 8

தம்பி, எனக்கு அப்படியே தலைகீழாக நடந்ததுங்க. அதே இனம்தான். போன வருஷம் கார்த்திகைக் கடைசியில் முட்டை வைத்தது. 31 குஞ்சு வளர்ந்ததில் 25 பெண். ஆண் குஞ்சுகளை ஆண் மீனே துரத்தித் துரத்திக் கொன்றுவிட்டதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் சந்தேகம் வருகிறது.

இங்கே சிறுவாணித் தண்ணீர். ஆர்ஓ கலக்க வேண்டிய தேவையே இல்லாத மென்மை. அதனால் தண்ணீரைக் குறை சொல்ல வழியில்லை.

பழையதொட்டி (திருச்சி) | 2024 செப்டம்பர் 9

இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி: அந்த முதல் ஒரு மாதத்தில் தொட்டித் தண்ணீரின் வெப்பம் எவ்வளவு? நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். எழுதி வைத்திருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாங்குச்சி | 2024 செப்டம்பர் 9

குறிப்பு இருக்கிறது அண்ணா. ஹீட்டர் போடவில்லை. காலையில் 30, மதியம் 31. கத்திரி வெயிலில் நான்கைந்து நாள் 32 தொட்டது.

சிறுவாணிக்கரை | 2024 செப்டம்பர் 9

நான் எழுதி வைக்கவில்லைங்க. ஆனால் மார்கழிக் காலையில் கையை விட்டால் சில்லென்று இருக்கும். 22, 23 பார்த்த ஞாபகம். ஹீட்டர் கெட்டுப்போயிருந்தது. அம்மா மீன் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பழையதொட்டி | 2024 செப்டம்பர் 10

நினைத்தது சரிதான். தம்பி, உங்கள் ஜோடியில் ஒரு குறையும் இல்லை. தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

நமக்கு ஆண், பெண் என்பது கரு உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. அபிஸ்டோகிராமாவில் அப்படி இல்லை. முட்டை பொரித்த பிறகும் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முழுதாக உறுதியாகியிருக்காது. முதல் 30, 40 நாள் எந்த வெப்பத்தில் வளர்கிறது என்பது அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். சூடு கூடினால் ஆண் கூடும், குளிர்ந்தால் பெண் கூடும். ஜெர்மனியைச் சேர்ந்த உவே ரோமர், வொல்ஃப்காங் பைசன்ஹெர்ஸ் இருவரும் முப்பதுக்கும் மேற்பட்ட அபிஸ்டோ இனங்களை 23, 26, 29 டிகிரியில் வளர்த்துப் பார்த்து 1996இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான இனங்களில் வெப்பத்தின் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. பிஎச்சின் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) பாதிப்பு சில இனங்களில்தான்.

அவர்கள் வைத்த உச்சமே 29. சென்னையில் சித்திரை மாதம் அந்த 29க்கு இறங்குவதற்கே நீங்கள் பாடுபட வேண்டும்! அதனால் 42இல் 38 ஆண் என்பது எனக்கு வியப்பாக இல்லை. கோவையில் 25 பெண் வந்ததும் அதே கணக்குதான்.

நம் ஊரில் இந்த மீனை வளர்ப்பவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறோம். டிடிஎஸ் எவ்வளவு, பிஎச் எவ்வளவு, எந்த இலை போட வேண்டும்... தெர்மாமீட்டரைப் பற்றிப் பேச ஆள் இல்லை. மீன் பிழைக்கிறதா என்று பார்க்கத்தான் அதை வைத்திருக்கிறோம். குஞ்சுகளை எந்த மாதம் வளர்ப்பது என்பதை முடிவு செய்யவும் அதுதான் வேண்டும்.

கண்ணாடிப்பெட்டி (கொளத்தூர்) | 2024 செப்டம்பர் 10

நான் விற்பனைக்காக வளர்க்கிறவன். அண்ணா சொல்வதை அனுபவத்தில் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் காலக் குஞ்சில் எப்போதும் ஆண் அதிகம்தான். நாங்கள் அதைப் பிரச்சினையாகவே பார்த்ததில்லை. நிறம் ஆணுக்குத்தான், கேட்டு வருகிறவர்களும் ஆணைத்தான் கேட்கிறார்கள். பெண் சாம்பலாக, சின்னதாக இருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது கண்ணிலேயே படாது.

ஆனால் இதனால் ஒரு கெடுதல் உண்டு. ஜோடியாகக் கேட்டால் எங்களிடமே பெண் இருக்காது. என்னிடம் வாங்கிப்போன ஒருவர் நான்கு மாதம் கழித்து வந்து, "ரெண்டும் ஆணுங்க" என்றார். பெண் என்று நம்பித்தான் கொடுத்தேன். அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

சுண்ணாம்புக்கிணறு (யாழ்ப்பாணம்) | 2024 செப்டம்பர் 12

வணக்கம் அண்ணைமார். உங்களுக்கு ஆணா பெண்ணா என்ற பிரச்சினை. எனக்குக் குஞ்சே இல்லை. கொழும்பிலிருந்து எடுத்த காகடுவாய்டஸ் ஜோடி ஒன்று நிற்கிறது. ஐந்து தரம் முட்டை இட்டுவிட்டது. ஒவ்வொரு தரமும் இரண்டாம் நாள் முட்டைகள் பால் மாதிரி வெள்ளையாகி, பஞ்சு பிடித்து, கடைசியில் தாய் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. தண்ணி எங்கட வீட்டுக் கிணற்றுத் தண்ணிதான். மீன்கள் வருத்தம் எதுவும் இல்லாமல் நன்றாகத்தான் நிற்கின்றன.

பழையதொட்டி | 2024 செப்டம்பர் 12

உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது தம்பி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதில் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும்.

சுண்ணாம்புக்கிணறு | 2024 செப்டம்பர் 12

உண்மைதான் அண்ணை. கேத்தலுக்குள் வெள்ளைத் தகடு மாதிரி படிந்திருக்கும். மாதம் ஒருக்கால் தேசிக்காய் விட்டுக் கழுவுவோம்.

பழையதொட்டி | 2024 செப்டம்பர் 13

அந்த வெள்ளைதான் உங்கள் முட்டைகளைக் கெடுக்கிறது. அபிஸ்டோக்களில் காகடுவாய்டஸ் கொஞ்சம் தாங்கக்கூடியது. பெரு நாட்டு உக்காயாலி ஆறும் மேற்கு அமேசானும் அதன் ஊர். அகசிசி போன்ற மற்ற இனங்களின் அளவுக்கு அமிலத் தண்ணீரை அது எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைச் சொல்கிறோம். ஆனால் பெரிய மீன் தாங்குவதும் முட்டை தாங்குவதும் ஒன்றல்ல. கடினத் தண்ணீரில் முட்டை சரியாகக் கருவுறாது, கருவுற்றாலும் பாதியில் கெடும். கெட்ட முட்டை வெள்ளையாகும், அதில் பூஞ்சை பிடிக்கும், பக்கத்து முட்டைக்கும் பரவும். முட்டைகளைத் தின்றதற்காகத் தாயைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கெட்டதை அது அப்புறப்படுத்துகிறது.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதத்தில் மாரி தொடங்கிவிடும். கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள். மூன்றாவது மழையிலிருந்து துணியில் வடிகட்டி டிரம்மில் பிடியுங்கள். மூன்று பங்கு மழைத்தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர். வெறும் மழைத்தண்ணீர் மட்டும் வைக்கக் கூடாது. அதில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது, ஒரு நாள் திடீரென்று சரிந்துவிடும். ஒரே நாளில் மாற்றவும் கூடாது. நாளுக்கு ஒரு வாளி வீதம் பத்து நாளில் மாற்றுங்கள்.

சிறுவாணிக்கரை | 2024 செப்டம்பர் 14

வாதாம் இலை போட்டால் தண்ணீர் மென்மையாகிவிடும் என்கிறார்களே அண்ணா, அது அவருக்கு உதவாதா?

பழையதொட்டி | 2024 செப்டம்பர் 14

மென்மையாகாது அம்மா. இலையிலிருந்து இறங்கும் சாயத்துக்குக் கொஞ்சம் அமிலத் தன்மை உண்டு. மென்மையான தண்ணீரில் பிஎச்சை அது இறக்கும். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சாக்கு இலை கொட்டினாலும் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வருமே தவிர, சுண்ணாம்பு அப்படியே இருக்கும்.

ஆனாலும் இலை போடுங்கள். இந்த மீனின் வீடே சருகுக் குவியல்தான். சொந்த ஊரில் காட்டு ஓடைகளின் ஓரத்தில், முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே வாழ்கிறது. இலை மட்கும்போது அதன்மேல் படரும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் நாள் முழுக்கக் கொத்தும். முதல் வாரம் நாம் ஒரு வேளை தீனி போட மறந்தாலும் அவை பிழைப்பது அதனால்தான்.

கொட்டாங்குச்சி | 2024 செப்டம்பர் 15

அண்ணா, அப்படியென்றால் இனி நான் சித்திரையில் குஞ்சு எடுக்கவே கூடாதா? மின்விசிறி வைத்துக் குளிர்விக்கலாமா?

பழையதொட்டி | 2024 செப்டம்பர் 15

வைக்கலாம். தண்ணீர்ப் பரப்பின்மேல் படும்படி சின்ன விசிறி வைத்தால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். திருச்சியில் காற்று உலர்ந்திருப்பதால் எனக்கு நன்றாகவே பலன் தருகிறது. சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு குறையாது. ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புங்கள். போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் என்னைக் கேட்டால், சித்திரையிலும் வைகாசியிலும் பெண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். ஆணைத் தனியே பிரித்து விடுங்கள். 31 டிகிரியில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை முட்டை வைத்துக்கொண்டே இருந்தால் அவள் உடம்பு என்னத்துக்கு ஆகும்? மார்கழி, தை மாதங்களில் உங்கள் ஊர்த் தண்ணீர் தானாகவே 25, 26க்கு வந்து நிற்கும். அதற்குக் காத்திருங்கள்.

கண்ணாடிப்பெட்டி | 2024 செப்டம்பர் 17

ராம் மீனுக்கும் இதேதானா அண்ணா? நான் அதைத்தான் அதிகம் வளர்க்கிறேன்.

பழையதொட்டி | 2024 செப்டம்பர் 17

ராம் வேறொரு சின்ன மீன், சூட்டை விரும்புவது. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோக்கோ சமவெளி அதன் ஊர். அது முட்டை வைப்பதற்கு 28, 29 வேண்டும். குகை தேடாது, தட்டைக் கல்லிலோ மணல் குழியிலோ வைக்கும், தாயும் தகப்பனும் சேர்ந்து காக்கும். அதனால் காகடுவாய்டஸ் கணக்கை அப்படியே அதற்குப் போடாதீர்கள். ஆப்பிரிக்க கிரிப்பென்சிஸ் மீனில் பிஎச்தான் அதிகம் பேசும், அமிலம் கூடினால் ஆண் கூடும்.

கண்ணாடிப்பெட்டி | 2024 செப்டம்பர் 18

ராமில் தாய் தகப்பன் காக்கும் என்கிறீர்கள். என் தொட்டிகளில் பத்தில் எட்டு ஜோடி அன்றைக்கு ராத்திரியே தின்றுவிடும். அதனால் கல்லோடு முட்டையை எடுத்து, மெத்திலீன் ப்ளூ (பூஞ்சையைத் தடுக்கும் நீல மருந்து) இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் ஏர் ஸ்டோன் பக்கத்தில் வைத்துப் பொரிக்கிறோம். அபிஸ்டோவுக்கும் அதையே செய்தால் எண்ணிக்கை கூடும். தம்பிக்கு 42 கிடைத்தது என்றால் எனக்கு 80 கிடைக்கும்.

சிறுவாணிக்கரை | 2024 செப்டம்பர் 18

எண்ணிக்கைக்காக என்றால் சரிங்க. ஆனால் வீட்டில் ஒரே ஒரு தொட்டி வைத்திருக்கிற நமக்கு அந்தத் தாயைப் பார்ப்பதுதானே எல்லாம்? என் பெண் மீன் குஞ்சுகளோடு சுற்றும்போது நான் சோபாவிலிருந்து எழுந்து நடந்தால் போதும், உடம்பை ஒரு வெட்டு வெட்டும். அந்த நொடியே முப்பது குஞ்சும் மணலில் அப்படியே பதிந்துவிடும், ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. நான் உட்கார்ந்த பிறகு வயிற்றுத் துடுப்பைச் சடசடவென்று அடிக்கும், எல்லாம் எழுந்து மறுபடி அதன் பின்னால் போகும். வழி தவறிய குஞ்சை வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்துக்கு நடுவில் துப்பும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு நாள் அடுப்பில் பாலே பொங்கிப் போனது.

பழையதொட்டி | 2024 செப்டம்பர் 19

நான் இந்த அம்மா பக்கம். கொளத்தூர்த் தம்பியின் தொழிலைக் குறை சொல்லவில்லை. அங்கே தொட்டி வாடகை, மின்சாரம் எல்லாம் குஞ்சு எண்ணிக்கையில்தான் கழிய வேண்டும். ஆனால் ராம் முட்டையைத் தின்கிறது என்கிறீர்களே, தலைமுறை தலைமுறையாக முட்டையைப் பிரித்தெடுத்தே வளர்த்தால், காக்கத் தெரிந்த ஜோடி எது, தெரியாத ஜோடி எது என்ற வேறுபாடே இல்லாமல் இரண்டும் பெருகும். அபிஸ்டோவில் அந்தக் குணம் இன்னும் கெடாமல் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று முறை தின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், இளம் தாய் பழகிக்கொள்ளும்.

ராத்திரி விளக்கைப் பட்டென்று அணைக்காதீர்கள். இருட்டுவதற்கு முன் அவள் எல்லாக் குஞ்சையும் குகைக்குள் கூட்டிப்போக வேண்டும், அதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். அறை விளக்கை எரியவிட்டு, முதலில் தொட்டி விளக்கை அணையுங்கள், அப்புறம் அறை விளக்கு. பாதி முட்டை காணோம், குஞ்சு காணோம் என்று எழுதுகிறவர்களில் பலர் தொட்டியில் கெளுத்தி வைத்திருப்பார்கள். பிரிசில்நோஸ் கெளுத்தி பகலில் பூனை மாதிரி இருக்கும், இருட்டில் முட்டையைச் சுரண்டித் தின்னும்.

கொட்டாங்குச்சி | 2024 செப்டம்பர் 20

ஆணைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் இரண்டடித் தொட்டியில் முட்டை வைத்த மறுநாளே பெண் அவனைக் கிழித்துவிட்டது. மூன்று அங்குல மீன் ஃபில்டருக்குப் பின்னால் தலையைக் குத்திக்கொண்டு நின்றான், வால் கந்தலாகிவிட்டது. தனி வாளியில் விட்டு ஒரு வாரம் பார்த்தேன், துடுப்பு திரும்ப வளர்ந்தது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுவது மூன்றடிக்கு மேல் இருந்தால்தான் சரிவரும் என்று இப்போது புரிகிறது.

சுண்ணாம்புக்கிணறு | 2024 ஒக்டோபர் 6

குஞ்சு வந்தால் என்ன தீனி போடுவது என்று இப்போதே கேட்டு வைக்கிறேன். இங்கே ஆர்டீமியா (குஞ்சுகளுக்குத் தீனியாகும் நுண்ணிய உப்புநீர் இறால்) முட்டை டப்பா நல்ல விலை. முட்டை மஞ்சள்கரு போதுமா?

கண்ணாடிப்பெட்டி | 2024 அக்டோபர் 6

மஞ்சள்கரு வேண்டவே வேண்டாம். தண்ணீர் கெட்டு எல்லாம் ஒரே ராத்திரியில் போகும். இதில் நான் தேர்ந்தவன், கேளுங்கள்.

ஒன்றரை லிட்டர் குளிர்பான பாட்டில். அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள், மூடி கீழே இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு. உங்கள் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றலாம், ஆர்டீமியாவுக்குக் கடினத் தண்ணீர் நல்லதுதான். அரை டீஸ்பூன் முட்டை. காற்றுக் குழாயை அடிவரை விட்டு, கொதிக்கிற மாதிரி குமிழி வர வேண்டும். மேலே ஒரு விளக்கு. 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரித்தவை ஆரஞ்சுப் புகை மாதிரி கீழே வந்து சேரும். அங்கே டார்ச் வெளிச்சம் காட்டினால் இன்னும் வேகமாகக் கூடும். மெல்லிய குழாயால் உறிஞ்சி, கைக்குட்டையில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி ஊட்டுங்கள். ஓடு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுங்கினால் குடலில் அடைக்கும்.

குஞ்சு சாப்பிட்டதா என்ற சந்தேகமே வராது. கண்ணாடி மாதிரி இருக்கிற உடம்பில் வயிறு மட்டும் ஆரஞ்சுக் கடுகாகத் தெரியும். நாளைக்கு மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. மிச்சம் விழுந்தால் ஹைட்ரா (கொட்டும் தன்மையுள்ள நுண்ணுயிர்) கிளம்பும். விலை தாங்கவில்லை என்றால் இரண்டாம் வாரத்திலிருந்து மைக்ரோவார்ம் என்ற நுண்புழு சேர்த்துக்கொள்ளலாம், ஓட்ஸ் கஞ்சியிலேயே வளரும்.

கொட்டாங்குச்சி | 2024 அக்டோபர் 20

மழைக்காலம் வருவதால் ஒன்று சொல்லி வைக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. அப்போது என்னிடம் இருந்தது கப்பியும் ஒரு ஜோடி அபிஸ்டோவும். ஏர் பம்ப் நின்றது. முதல் ராத்திரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஸ்பாஞ்சை வெளியே எடுத்து ஈரமாக ஒரு தட்டில் வைத்தேன். தண்ணீருக்குள் காற்றில்லாமல் கிடந்தால் அதிலிருக்கும் நல்ல பாக்டீரியா செத்து நஞ்சாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தீனி அறவே நிறுத்தினேன். கப்பி பிழைத்தது. அபிஸ்டோ ஜோடி மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது. இப்போதுள்ள ஜோடி அதற்குப் பிறகு வாங்கியது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது அப்போது வீட்டில் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. கரையோரம் இருப்பவர்கள் ஐப்பசிக்குள் ஒன்று வாங்கி வையுங்கள்.

சிறுவாணிக்கரை | 2024 நவம்பர் 3

தம்பி, என்னிடம் பெண் மிச்சம், உங்களிடம் ஆண் மிச்சம். மாற்றிக்கொள்ளலாமா? அடுத்த ஞாயிறு என் அண்ணன் மகன் ரயிலில் சென்னைக்கு வருகிறான், செவ்வாய்க்கிழமை திரும்புகிறான்.

பழையதொட்டி | 2024 நவம்பர் 3

நல்ல யோசனை. உடன்பிறந்தவற்றையே ஜோடி சேர்க்காமல் புது ரத்தமும் கலக்கும். அனுப்புவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தீனி போடாதீர்கள், பையில் கழிவு சேராது. ஒரு பைக்கு ஒரு மீன்தான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று.

கொட்டாங்குச்சி | 2024 நவம்பர் 13

ஐந்து பெண்ணும் நலமாக வந்து சேர்ந்தன அக்கா. உங்கள் அண்ணன் மகன் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார், அவருக்கு என் நன்றி. ஐந்து ஆண்களை அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கோவைப் பெண்களில் பெரியதையும் என் பழைய ஆணையும் மட்டும் இரண்டடித் தொட்டியில் விட்டிருக்கிறேன். மழை ராத்திரியில் தண்ணீர் குளிராமல் இருக்க ஹீட்டரை 25இல் வைத்திருக்கிறேன்.

சுண்ணாம்புக்கிணறு | 2024 டிசம்பர் 11

அண்ணை, பொரித்துவிட்டது! மூன்று பங்கு மழைத்தண்ணி, ஒரு பங்கு கிணறு. ஆறாவது தரம் இட்ட முட்டை. நேற்று விடிய டோர்ச் அடித்துப் பார்த்தேன், சிரட்டையின் கூரையில் முட்டையைக் காணவில்லை, இந்த முறையும் தின்றுவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் மணலில் ஒரு சின்னக் குழி. அதற்குள் வால் மட்டும் துடித்துக்கொண்டு ஒரு பிடி குஞ்சு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவவும் பார்த்தா. தண்ணி 26இல் நிற்கிறது.

பழையதொட்டி | 2024 டிசம்பர் 11

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. இன்னும் ஐந்து நாள் எதுவும் போடாதீர்கள், வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருவே அவற்றுக்குப் போதும். எழுந்து நீந்தும் அன்றைக்குத்தான் முதல் தீனி. ஆர்டீமியா பாட்டிலை முதல் நாளே ஓட்டி வையுங்கள்.

கொட்டாங்குச்சி | 2025 பிப்ரவரி 9

எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன். டிசம்பர் 22 முட்டை. 26 பொரித்தது, சித்திரையைவிட ஒரு நாள் தாமதம். ஜனவரி 1 காலையில் வெளியே வந்தன. அன்று முதல் 40 நாள் காலையும் மாலையும் வெப்பம் குறித்தேன். குறைந்தது 24.5, கூடியது 26.5. குஞ்சுகள் சித்திரைக் குஞ்சுகளைவிட மெதுவாகத்தான் வளர்கின்றன. ஆனால் இறப்பு குறைவு, அன்றைக்கு இருந்ததில் இன்றைக்கு 48 இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு வாளி மாற்றுகிறேன்.

கொட்டாங்குச்சி | 2025 மே 18

எண்ணிவிட்டேன். 47 மீன். ஆண் 19, பெண் 28.

சிறுவாணிக்கரை | 2025 மே 18

எனக்கும் சந்தோஷம் தம்பி! நான் இந்தக் குளிருக்குப் புது ஹீட்டரை 26இல் வைத்தேன். உங்கள் ஆணுக்குப் பிறந்தவை 36, அதில் ஆண் 16, பெண் 20.

பழையதொட்டி | 2025 மே 19

தம்பி, அந்த 28ஐ இன்னும் முடிந்த கணக்காக எழுத வேண்டாம். கூட்டமாக வளரும்போது சில ஆண்கள் பெண் வேடத்திலேயே இருந்துவிடும். சின்ன உடம்பு, மங்கல் நிறம், பெரிய ஆண் கண்ணில் படாமல் முட்டை வைக்கும் இடத்துக்கு நைசாகப் போவதற்கு அது வசதி. பெரிய ஆண்களை வேறு தொட்டிக்கு மாற்றி இரண்டு மாதம் விடுங்கள், மறைந்திருப்பவை தாமாகத் துடுப்பை விரிக்கும்.

சுண்ணாம்புக்கிணறு | 2025 ஜூன் 1

என்னிடம் 23 நிற்கின்றன. நான் எண்ணியதில் 9 ஆண். அண்ணை சொன்னபடி பிரித்து விட்டிருக்கிறேன், ஆடி வரை பார்க்கிறேன். கோடைக்குத் தேவையான மழைத்தண்ணி இரண்டு டிரம் மூடி வைத்திருக்கிறேன்.

கொட்டாங்குச்சி | 2025 ஜூலை 27

அண்ணா சொன்னது நடந்தது. பிரித்து வைத்த 28இல் மூன்றுக்கு முதுகுக் கொண்டை முளைத்துவிட்டது. ஆக ஆண் 22, பெண் 25. கொளத்தூர் அண்ணனுக்கு எட்டுப் பெண் கொடுக்கிறேன், கேட்டு வருகிறவர்களுக்கு உண்மையான ஜோடியாகக் கொடுக்கட்டும். தாயை சித்திரையிலிருந்து தனியே விட்டிருக்கிறேன், கொசுப்புழு தின்று நன்றாகத் தேறியிருக்கிறாள். அடுத்தது கார்த்திகைக்கு மேல்தான்.